பதினேழாவது வரிசை

வெண்ணந்தூர் வட்டாரத்தில் சாரதாமணி என்று கேட்டால் யோசிப்பார்கள். கோழி டாக்டர் என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அவள் டாக்டருக்குப் படித்தவள் கிடையாது. நாமக்கல்லில் ஒரு கோழி நோய் ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருஷம் உதவியாளராக இருந்தாள். பண்ணைக்காரர்கள் சாக்கில் போட்டுக் கொண்டுவருகிற செத்த கோழிகளை அறுத்து, ஈரலையும் குடலையும் டாக்டருக்கு எடுத்துக் காட்டுகிற வேலை. மூன்றாவது வருஷத்திலிருந்து டாக்டர் வருவதற்குள் இவளே காரணத்தைச் சொல்லிவிடுவாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு அதையேதான் எழுதுவார்.

இதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதை மறைக்கவும் மாட்டாள். எவ்வளவு பெரிய பண்ணைக்காரராக இருந்தாலும், "உங்க கோழிக்கு நோயி ஒண்ணுமில்லீங்க. தண்ணித் தொட்டியக் கழுவாம நீங்களேதான் கொன்னிருக்கறீங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவாள். சிலர் முறைத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதமே இன்னொரு சாக்கோடு வந்து, அந்தம்மா இருக்கிறாங்களா என்று கேட்பார்கள்.

அந்த வேலையை விட்டுவிட்டு வந்துதான் மாமனார் நிலத்தில் அரை ஏக்கருக்குப் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த பாலிஹவுஸ் போட்டாள். இருபது வரிசை, ஐயாயிரம் தக்காளிச் செடி. கணவன் சரவணமுத்துவுக்குச் சங்ககிரியில் லாரித் தொழில். வாரத்தில் நாலு நாள் அங்கேதான் இருப்பான். ஆகவே தோட்டத்தில் சாரதாமணி வைத்ததுதான் சட்டம். பூச்சி நுழையாத வலை, சொட்டுநீர், செடியை மேலே தூக்கிக் கட்டுகிற கயிறு, வெயிலுக்குத் தண்ணீரைப் புகை மாதிரி தூவுகிற ஃபாகர் என்று எல்லாவற்றையும் அவளே பார்த்துப் பார்த்து வாங்கி மாட்டினாள். பங்குனி வரைக்கும் பறித்த முதல் ஐந்து கொத்துக் காய்களும் கையில் கனத்தன. சேலத்தில் ஓட்டல்களுக்கும் கடைகளுக்கும் காய்கறி போடுகிற தீனதயாளன், இவளுடைய பழத்தை மட்டும் தனி கிரேட்டில் வைத்து விற்றார். அந்தச் சேதி காதில் விழுந்த அன்று சாரதாமணி சேலை மாற்றிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் ராசிபுரம் கடைவீதிக்குப் போய்விட்டு வந்தாள்.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். தீனதயாளனின் வேன் டிரைவர் மதியழகன், ஏற்றிப்போன கிரேட்டில் பன்னிரண்டைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினான். அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற ஆள். சாரதாமணி கேட்டுக் கேட்டு வாங்கியதில் விஷயம் இதுதான்: ஓட்டலில் பழத்தை நறுக்கினால் உள்ளே ஒன்றுமில்லையாம். இன்னொரு தடவை இப்படி வந்தால் வேன் இந்தப் பக்கமே வராதாம்.

அவள் ஒரு பழத்தைக் கையில் எடுத்தாள். நிறத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் உருண்டையாக இருக்கவேண்டியது நாலு பக்கமும் தட்டையாக இருந்தது. அளவுக்கு ஏற்ற கனமும் இல்லை. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும்போது டாக்டர் கொடுத்தனுப்பிய சன்னக் கத்தி ஒன்று எப்போதும் அவளிடம் இருக்கும். அதை எடுத்துப் பழத்தைக் குறுக்காக அறுத்தாள். சுவரெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே கூழும் விதையும் நிறைந்திருக்கவேண்டிய அறைகள் காலியாகக் கிடந்தன. விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் விதை. இன்னும் நாலு பழம் அறுத்தாள். செடியிலிருந்து ஏழாவது, எட்டாவது கொத்துப் பச்சைக் காய்களையும் பறித்து அறுத்தாள். எல்லாம் பொக்கு.

"இது மகரந்தம் சேராத காயி" என்றாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பூவில் தூள் உதிர்ந்து சேர்ந்தால்தான் விதை பிடிக்கும், விதை பிடித்தால்தான் கூழ் நிறையும். வெளியே வயலில் அந்த வேலையைக் காற்றும் வண்டும் பார்த்துக்கொள்ளும். வலை போட்ட பாலிஹவுஸில் இரண்டும் இல்லை. ஆகவே தினமும் காலையில் ஒரு ஆள், செடிகள் தொங்குகிற கம்பியைத் தட்டிக்கொண்டே போகவேண்டும். கம்பி அதிர்ந்தால் பூ அதிரும், தூள் உதிரும். அந்த வேலைக்கு இருந்தவள் ஆத்தாயி.

ஆத்தாயிக்கு ஐம்பத்திரண்டு வயது. வெண்ணந்தூரில் இருபத்தாறு வருஷம் தறி ஓட்டியவள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி அவளுக்குத் தாழ்ந்த குரலே வராது. இரகசியம் சொன்னால்கூட இரண்டு வரிசை தாண்டிக் கேட்கும். கம்பி தேயக்கூடாது என்று ஒரு மூங்கில் கோலின் நுனியில் தறிக் கழிவு நூலைச் சுற்றி, அதை யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தாள். காலை ஒன்பதரைக்குத் தொடங்கினால் பதினொரு மணிக்கு இருபதாவது வரிசையை முடித்துவிட்டு வெளியே வருவாள்.

சாரதாமணி அவளைக் கூப்பிட்டாள். அப்போது அங்கே நாலு பேர் இருந்தார்கள். காய் பறிக்கிற சென்னம்மாளும் பொன்னாயியும், தண்ணீர் பார்க்கிற சின்னண்ணன், கிரேட்டை இறக்கிக்கொண்டிருந்த மதியழகன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்கவேண்டும் என்று சாரதாமணிக்குத் தோன்றவில்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்திருந்தது.

"ஆத்தாயக்கா, எத்தன நாளாத் தட்டறதில்லை?"

"தெனமும் தட்டறேனுங்க அம்மிணி."

"தட்டியிருந்தா இதுக்குள்ள வெத இருந்திருக்கும்." அறுத்த பழத்தை முகத்துக்கு நேராக நீட்டினாள். "தட்டாமயே தட்டுனேன்னு சொல்லிச் சம்பளம் வாங்கறது திருட்டுத்தானுங்க."

ஆத்தாயி பழத்தைப் பார்த்தாள். பிறகு அந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். கோலை வாசலோரம் இருந்த ஆணியில் மாட்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டு தடத்தில் இறங்கிப் போய்விட்டாள். இரண்டு வரிசை தாண்டிக் கேட்கிற அந்தக் குரலிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. சென்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் சாரதாமணியே முன்னால் நின்று காய் பறிக்க வைத்தாள். தீனதயாளனுக்குப் பொக்குப் பழம் ஒன்றுகூடப் போகக்கூடாது. எல்லாவற்றையும் அறுத்துப் பார்க்கவும் முடியாது. கோழிக்காரிக்கு வழியா தெரியாது? முட்டை நல்லதா கெட்டதா என்று பார்க்கத் தண்ணீரில் போடுவார்கள். கெட்டது மிதக்கும். பாலிஹவுஸ் வாசலில் ஒரு நீல டிரம்மை வைத்து நிறையத் தண்ணீர் விடச் சொன்னாள். மூழ்குகிற பழம் சேலத்துக்கு, மிதக்கிற பழம் மாட்டுக்கு.

கிரேட்டுகளில் வரிசை எண்ணைச் சாக்பீஸால் எழுதுவது அவளுடைய வழக்கம். ஆய்வுக்கூடத்தில் எந்தக் கொட்டகைக் கோழி என்று காலில் சீட்டுக் கட்டிப் பழகிய கை அது. ஒன்றாம் வரிசைக் கிரேட்டைக் கவிழ்த்தபோது பாதிக்கு மேல் மிதந்தது. இரண்டு, மூன்று, நாலு என்று எல்லாமே அப்படித்தான். பொன்னாயி மிதந்ததை அள்ளி அள்ளிக் கூடையில் போட்டாள். பதினாறு வரைக்கும் கூடை நிறைந்துகொண்டே இருந்தது. பதினேழாம் வரிசைக் கிரேட்டைக் கவிழ்த்தார்கள். ஒன்றுகூட மிதக்கவில்லை. எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. பதினெட்டும் மூழ்கியது. பத்தொன்பதும் இருபதும் மூழ்கின.

டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சாரதாமணி நின்றாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிற ஆள் எதை விடுவான்? வாசலை ஒட்டிய வரிசையையா, கடைக்கோடி வரிசையையா? வாசலுக்குப் பக்கத்தில் யாரும் பார்ப்பார்கள் என்று பேருக்காவது நாலு தட்டுத் தட்டிவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத கடைசி வரிசைகளைத்தானே விடுவான்? இங்கே கடைக்கோடிப் பழம் கல்லு மாதிரி இருக்கிறது, வாசற்பழம் பொக்கு. ஆத்தாயி தட்டாமல் இருந்தால் இப்படி வராது.

கோழிப் பண்ணையில் டாக்டர் முதலில் கேட்கிற கேள்வி, கொட்டகையில் எந்தப் பக்கத்துக் கோழி சாகிறது என்பதுதான். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, இந்தப் பக்கத்தில் என்ன இல்லை என்று பார்த்துக்கொண்டே போனால் காரணம் தானாகத் தட்டுப்படும். நேற்று அந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. கத்தி சொன்னதோடு நிறுத்திக்கொண்டாள். இப்போது முதல் வரிசையிலிருந்து மெதுவாக நடந்து போனாள். மணி பத்தரை. ஃபாகர் ஓடிக்கொண்டிருந்தது. முகத்திலும் கையிலும் பூவாளியால் தெளித்த மாதிரி ஈரம். பதினாறு வரைக்கும் அந்த ஈரம் கூடவே வந்தது. பதினேழில் கால் வைத்ததும் முகம் காய்ந்தது.

அண்ணாந்து பார்த்தாள். ஃபாகர் குழாயின் கடைசிப் பகுதியில் மூக்குகள் எல்லாம் வெள்ளையாக உப்புப் பிடித்து அடைத்துக்கிடந்தன. போர்த் தண்ணீர் அவ்வளவு உப்பு. பின்னாலேயே வந்த சின்னண்ணன் திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, கழற்றிக் கழுவச் சொல்லி இரண்டு மாதமாகியும் செய்யாததற்குச் சமாதானம் சொல்லத் தொடங்கினான். நாளைக்கே கழற்றி ஆசிட்டில் ஊறப் போட்டுவிடுவதாகச் சொன்னான்.

"அதத் தொடாதீங்க சின்னண்ணா" என்றாள் சாரதாமணி. அவள் அவ்வளவு மெதுவாகப் பேசிச் சின்னண்ணன் கேட்டதே இல்லை.

அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் தன் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அணைத்து வைத்தால் அதன் கண்ணாடி கருகருவென்று இருக்கும். மூன்றாம் வரிசையில் விரிந்த பூ ஒன்றுக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டு, ஆத்தாயியின் கோலால் கம்பியைத் தட்டினாள். கண்ணாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான் விழுந்தது. இன்னும் பத்துப் பூவில் பார்த்தாள். தூள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு உதிரவே மாட்டேன் என்றது. பதினெட்டாம் வரிசைக்குப் போனாள். ஒரே தட்டு. கறுப்புக் கண்ணாடிமேல் மஞ்சள் பொடி பொலபொலவென்று விழுந்தது. கோலப்பொடி தூவினாற்போல அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

மீதிக்குக் கத்தியும் வேண்டாம், போனும் வேண்டாம். ஒரு செடியில் ஒன்பது நாளைக்கு ஒரு கொத்துப் பூக்கும். இப்போது பூத்திருப்பது பதினோராவது கொத்து. பழுத்துக்கொண்டிருக்கிற ஆறாவது கொத்து எப்போது பூத்தது என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே பின்னால் போனாள். பங்குனி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் வந்து நின்றது. அந்த நாளை அவளால் மறக்க முடியாது. புதுச்சத்திரத்தில் அவளுடைய அண்ணன் பண்ணையில் ஒரே மத்தியானத்தில் நானூறு கோழிகள் வெயில் தாங்காமல் செத்து விழுந்த நாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், வீட்டுக்குள்கூட நுழையாமல் நேராகப் பாலிஹவுஸுக்குப் போய், மத்தியானம் ஓடிக்கொண்டிருந்த ஃபாகரை விடிந்து ஒன்பது மணிக்கே ஓடும்படி டைமரைத் திருப்பி வைத்தாள். கோழி வளர்த்த கைக்கு வெயில் என்றால் அவ்வளவு பயம். கோழிக்கு அது சரி. கோழி பூப்பதில்லையே.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டைமரைத் திருப்பி வைத்த நாலைந்து நாளில் ஆத்தாயி வந்து நின்று, பூவெல்லாம் நனைந்து கிடக்கிறது, தட்டினால் ஒன்றும் உதிரமாட்டேன் என்கிறது என்று சொன்னாள். தட்டுவது உங்கள் வேலை, உதிர்வதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இவள் பதில் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்தும் போனாள். அந்த இடத்திலேயே, பதினெட்டாம் வரிசையில் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, சாரதாமணிக்கு வெட்கத்தில் காது சுட்டது.

முதல் காரியமாக டைமரைப் பன்னிரண்டு மணிக்கு மாற்றினாள். பிறகு சரவணமுத்துவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். லாரித் தொழிலில் தினம் நாலு சண்டையைத் தீர்த்து வைக்கிற மனிதன் அவன். இது ஒரு விஷயமே இல்லை என்றான். ஃபாகரை மாற்றியாகிவிட்டது, காய் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆத்தாயியைக் கூப்பிட்டு, கோபத்தில் ஒரு வார்த்தை வந்துவிட்டது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிச் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் வராமலா போய்விடுவாள்? நீயே உன் பேரை எதற்குக் கெடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டான்.

அவன் சொன்னது நடக்கக்கூடிய காரியம்தான். சாரதாமணி போனை வைத்துவிட்டு அதைப் பற்றி நிஜமாகவே யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கோபம்தான் வந்தது. எத்தனை பண்ணைக்காரர்களை எதிரில் நிறுத்தி, நீங்களேதான் கொன்றிருக்கிறீர்கள் என்று சொல்லியிருப்பாள்! அடுத்தவர் கோழிக்கு ஒரு கத்தி, தன் தக்காளிக்கு ஒரு கத்தியா? இதை மூடி வைத்தால் பதினோரு வருஷம் சொன்னதெல்லாம் வெறும் திமிர் என்று ஆகிவிடும். அவளுக்குத் திமிர் உண்டுதான். ஆனால் அது வெறும் திமிர் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

ஆத்தாயி அதற்குள் பழையபடி ஒரு தறிக் கூடத்தில் நூல் சுற்றும் வேலைக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் வீடு திரும்புகிற நேரம் பார்த்துச் சாரதாமணி போனாள். ஆத்தாயி உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள், எதிரில் நின்றாள். சாரதாமணி தன்மேல்தான் தப்பு என்று தொடங்கியதும், கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"திருட்டுன்னு சொன்னது நாலு பேரு முன்னாலீங்க அம்மிணி. இப்ப என்ற ஊட்டுக்குள்ள வந்து, ஆருக்கும் கேக்காமச் சொன்னா அது எப்படித் தீருமுங்க? தறிக்குப் போனா ‘ஏனக்கா, தட்டாமச் சம்பளம் வாங்குனியாமா’ன்னு கேக்கறாங்கொ. இருவத்தாறு வருசத்துல ஒரு மொழம் துணி என்ற தறியில பழுதாப் போனதில்லை."

சாரதாமணிக்கு இந்தப் பதில் வலித்தது. ஆனால் மனதுக்குள் ஒரு மரியாதையும் எழுந்தது. தன்னை யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் தானும் இதையேதான் கேட்டிருப்பாள், இன்னும் இரண்டு மடங்கு சத்தமாக.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்கக்கா. அந்த நாலு பேரும் இருப்பாங்க" என்று எழுந்தாள்.

"வாரேனுங்க" என்றாள் ஆத்தாயி. வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை.

மதியழகனை வரவழைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஏற்றுவதற்குக் காய் இல்லாத நாளில் வேன் எதற்கு என்று அவன் அதிசயமாக ஒரு கேள்வி கேட்டான். வந்தால் தெரியும் என்று சொல்லி வரவைத்தாள். சென்னம்மாளும் பொன்னாயியும் சின்னண்ணனும் டிரம்முக்குப் பக்கத்தில் நின்றார்கள். பத்து மணிக்கு ஆத்தாயி தடத்தில் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். பஞ்சாயத்துக்கு வருகிறவள் மாதிரி நேராக வந்து டிரம்முக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள்.

சாரதாமணி மூன்றாம் வரிசைப் பழம் ஐந்தைத் தண்ணீரில் போட்டாள். நாலு மிதந்தது. பதினேழாம் வரிசைப் பழம் ஐந்தைப் போட்டாள். ஐந்தும் மூழ்கின. பிறகு ஃபாகரை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, எல்லோரையும் உள்ளே கூட்டிப்போய், நனைந்த பூவுக்குக் கீழே ஒருதரம், காய்ந்த பூவுக்குக் கீழே ஒருதரம் போனைப் பிடித்துத் தட்டிக் காட்டினாள். மஞ்சள் பொடியைப் பார்த்ததும் பொன்னாயி விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சாரதாமணி தலையைக் குனியவில்லை. பண்ணைக்காரர்களிடம் பேசுகிற அதே குரலில் பேசினாள்.

"ஆத்தாயக்கா ஒரு நாளும் தட்டாம உட்டதில்லை. கடைசி நாலு வரிசக் காயே அதுக்குச் சாட்சி. பூவ நனைச்சது நான் வெச்ச டைமரு. பூ நனையுதுன்னு அவங்க வந்து சொன்னப்பவும் நான் காதுல போட்டுக்கலை. திருட்டுன்னு உங்க நாலு பேரு முன்னால சொன்னேன். அந்த வார்த்தைய உங்க முன்னாலயே திருப்பி எடுத்துக்கறேன். தப்பு என்ற மேலதான்."

சொல்லி முடித்தபோது, வெட்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்த சாரதாமணிக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றது. அறுத்துப் பார்த்து உள்ளதைச் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை அறுபட்டது அவள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

ஆத்தாயி சின்னண்ணனைப் பார்த்தாள், மதியழகனைப் பார்த்தாள், அந்த இரண்டு பெண்களையும் பார்த்தாள். கேட்டுக்கொண்டீர்கள் இல்லையா என்பது போலிருந்தது அது. பிறகு ஆணியிலிருந்து கோலை எடுத்து, நுனியில் பிரிந்திருந்த நூலை இழுத்துச் சுற்றி இறுக்கினாள். அவளுடைய பழைய குரல் திரும்ப வந்துவிட்டது. இருபதாவது வரிசைவரை கேட்டிருக்கும்.

"நான் வாரேனுங்க. ஆனா அந்த டைமர் பெட்டிச் சாவி என்றகிட்ட இருக்கோணும். பூ காஞ்சு, நான் தட்டி முடிச்சு, சரின்னு சொன்ன பொறவுதான் தண்ணி."

கோழி டாக்டரிடம் இப்படி யாரும் நிபந்தனை போட்டதில்லை. சாரதாமணி இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, சின்னச் சாவி ஒன்றைக் கழற்றி ஆத்தாயியின் கையில் வைத்தாள்.

அதன் பிறகு நாற்பத்தைந்து நாள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் கணக்கைச் சாரதாமணி தீனதயாளனிடம் போனில் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: ஆனி பிறந்து முதல் திங்கட்கிழமை வாருங்கள், அதுவரைக்கும் கடைசி நாலு வரிசைப் பழம் மட்டும் அனுப்புகிறேன். வெயில் ஏறி இறங்கியது. ஆத்தாயி தினமும் வந்ததும் முதலில் ஒரு பூவைத் தொட்டுப் பார்ப்பாள். காய்ந்திருந்தால்தான் கோலை எடுப்பாள். இருபதாம் வரிசையை முடித்து வந்து, பன்னிரண்டு மணிக்குப் பெட்டியைத் திறந்து தானே தண்ணீரைப் போடுவாள். அந்த நேரத்தில் சாரதாமணி அந்தப் பக்கம் போகமாட்டாள். போனால் எதையாவது சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே தன்மேல் பயம்.

சொன்ன திங்கட்கிழமை தீனதயாளன் மதியழகனோடு அவரே வேனில் வந்து இறங்கினார். பறித்து வைத்திருந்த கிரேட்டுகளில் அவராகவே ஐந்தாம் வரிசையிலிருந்து ஒரு பழத்தைப் பொறுக்கினார். கையில் தூக்கிப் போட்டுப் பிடித்தார். பிறகு டிரம்முக்குள் விட்டார். பழம் நேராக அடியில் போய் உட்கார்ந்தது. எட்டாம் வரிசையிலிருந்து ஒன்று, பன்னிரண்டிலிருந்து ஒன்று. எல்லாம் அடியில். சாரதாமணி கத்தியை நீட்டினாள். அவர் அறுத்துப் பார்த்தார். கூழ் வழிந்து மணிக்கட்டுவரை ஓடியது.

கையைக் கழுவிக்கொண்டே அவர், மதியழகன் விவரம் ஒன்றும் சொல்லவில்லை, நோய் சரியாகிவிட்டது என்று மட்டும்தான் சொன்னான் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து யாரையாவது வரவழைத்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். அவருக்குக் காய் போடுகிற இன்னும் இரண்டு பாலிஹவுஸ்காரர்களுக்கும் இதே தொல்லையாம்.

"எந்த டாக்டருங்க வந்து பாத்தது?" என்று கேட்டார்.

"நான்தாங்க" என்றாள் சாரதாமணி. சொல்லும்போது முகத்தில் பெருமை பொங்கியது.

"அப்படிங்களா! என்ன சீக்குங்க அது?"

"அதுவும் நான்தாங்க."

தீனதயாளனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளையும் தக்காளியையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே பதினேழாவது வரிசையில் கம்பி தட்டுகிற சத்தம் நின்றது. அங்கிருந்து ஆத்தாயி சிரித்தது வாசல்வரை கேட்டது. பிறகு கம்பிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

சாரதாமணி அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அந்த இரண்டு பாலிஹவுஸ் எந்த ஊரில் இருக்கிறது என்று விசாரித்தாள். நாளைக்கே போய்ப் பார்த்துவிடலாம் என்று அவர் எழுந்தார். பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்பினால் சரியாக இருக்கும் என்றாள் அவள்.

"ஏனுங்க, வெயிலுக்கு முன்னால போயிரலாமே?"

"ஆத்தாயக்காவும் வரோணுமுங்க. இங்க தட்டி முடிச்சுத் தண்ணியப் போட்டாத்தான் அவங்க வருவாங்க."